கோட்டின் உள்பையில் ஒரு குட்டித் துப்பாக்கி

அத்தியாயம் ஐந்து

ஞானரட்ணம் கதிரையில் உட்காருவதற்கு முன்பே பொய் சொல்லத் தொடங்கிவிட்டான்.

"அல்பிரட்டை உடனை பிடிக்கவேணும், அண்ணை. பிரிபெக்சருக்குள்ளை போறதுக்கு முந்திப் பிடிக்கவேணும். என்ரை கடைப் பூட்டுத் திறப்பைக் கொண்டுபோட்டான்."

மகேந்திரராசா பொய்களுக்குப் பழகியவர். யாழ்ப்பாண நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பொய்யை ஒரு மொழியில் கேட்டு இன்னொரு மொழியில் சிந்தாமல் ஒப்புவித்துச் சம்பளம் வாங்கியவர். இப்போது பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் காணாமல் போன சாமான்களையும் காணாமல் போன ஆட்களையும் தேடிக்கொடுக்கிறார். ரூ பெர்தொனே தெருவில் பேர்ளியின் தையல் கடைக்குப் பின்னால் ஒரு மேசை, இரண்டு கதிரை. அதுதான் அலுவலகம். பேர்ளி வாடகை கேட்பதில்லை. பதிலுக்கு எல்லா வழக்கிலும் தலையிடுவாள்.

இப்போதும் தலையிட்டாள். ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள்.

"தம்பி, முன்னாலை உம்மடை கசற் கடையிலை பாட்டுப் போகுதே. பூட்டின கடைக்குள்ளை ஆர், பேயோ?"

ஞானரட்ணம் கதிரை நுனிக்கு நகர்ந்தான். கை தானாக இடப்பக்க நெஞ்சுக்குப் போய் ஒருமுறை தட்டிவிட்டு இறங்கியது. அவன் வந்ததிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

"நெஞ்சிலை என்ன?" என்றார் மகேந்திரராசா.

"ஒண்டுமில்லை, அண்ணை."

"அது தெரியுது. ஒண்டுமில்லாத இடத்தை ஏன் தடவுறீர்?"

"பழக்கம்."

"இந்த அனோறாக் சட்டையிலை அங்கை பொக்கற்றே இல்லை. இல்லாத பொக்கற்றைத் தடவிற பழக்கம் ஒருத்தருக்கும் வராது. இடப்பக்கம் உள்பை வைச்ச உடுப்பு ஒண்டை நீர் நேற்றுப் போட்டிருக்கிறீர். அதுக்குள்ளை ஏதோ கிடந்திருக்கு. அந்த உடுப்பை இப்ப அல்பிரட் போட்டிருக்கிறான். உமக்குத் திறப்பும் வேண்டாம், அல்பிரட்டும் வேண்டாம். அந்த உடுப்புத்தான் வேணும்."

பேர்ளி ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ! கோட்டு!"

லா சப்பலில் அந்தக் கோட்டைத் தெரியாத தமிழர் குறைவு. ரூ பஜோலில் ஓர் அறை. அதில் ஞானரட்ணம், அல்பிரட் உட்பட ஐந்து பேர். ஐந்து பேரும் சேர்ந்து வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று. யாருக்குப் பிரிபெக்சரில், வதிவிடப் பத்திரம் கொடுக்கும் பொலிஸ் கந்தோரில், அலுவல் இருக்கிறதோ அவர் அன்று அதைப் போடுவார். போட்டுப்போன எவரும் இன்றுவரை வெறுங்கையோடு திரும்பவில்லை. அறைக்கு வெளியே இருந்தும் ஆட்கள் இரவல் கேட்டு வருவார்கள். ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு. கறுப்புப் பொத்தான் முடிந்துபோன நாளில் பேர்ளி தைத்தது. வேறு எந்த அலுவலுக்கும் அதைப் போடக்கூடாது, போட்டால் ராசி போய்விடும் என்பது அறையின் சட்டம்.

"நீர் சும்மா நாளிலை போட்டனீரோ?" என்றாள் பேர்ளி. கொலைக் குற்றத்தை விசாரிக்கும் குரல்.

"நேற்று ஞாயிற்றுக்கிழமை. பியர்ஃபித்துக்குப் போனனான். நான் கட்ட நினைக்கிற பிள்ளை நாகேஸ்வரி வீட்டை. முதல்முதலா அவவின்ரை அக்காவைப் பாக்கிறதுக்கு. இந்த அனோறாக்கோடை எப்பிடிப் போறது?"

"அது நியாயம். உள்பையிலை என்ன?"

ஞானரட்ணம் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"ரிவால்வர்."

தையல் கடைக்கு முன்னால் ஒரு லொறி பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு பெரிசு?" என்றார் மகேந்திரராசா.

ஞானரட்ணம் உள்ளங்கையை விரித்தான். பிறகு விரல்களை மடக்கினான். முழுவதும் மறைந்துவிடும் என்று அர்த்தம்.

"இவ்வளவுதானோ?" என்றாள் பேர்ளி. "இது சுடுமோ, தும்முமோ?"

"நல்ல சாமான் அக்கா. அந்தக் காலத்திலை இஞ்சத்தைப் பெரிய வீட்டுப் பொம்புளையள் கைப்பையிலை வைச்சிருந்ததாம். வித்தவன் சொன்னவன்."

"வித்தவன் பின்னை என்ன சொல்லுவான்."

கதை சின்னது. போன மாதம் பியர்ஃபித்திலிருந்து திரும்பும் கடைசி றெயினில் இரண்டு பேர் அவனை மறித்தார்கள். கைக்கடிகாரம் போனது. முன்பல் ஒன்று ஆடியது. அடுத்த கிழமை முன்பின் தெரியாத ஒருவனிடம் இந்தத் துப்பாக்கியை வாங்கினான். அதற்குப் பிறகு நாகேஸ்வரியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கொண்டுபோனான். தற்பாதுகாப்பு.

"ஆருக்காவது எடுத்துக் காட்டினனீரோ?"

"இல்லை அண்ணை. எடுக்கப் பயம். தொட்டுப் பாக்கிறதோடை சரி."

"குண்டு?"

"ரண்டு கிடக்குது."

நேற்று இரவு களைத்து வந்து கோட்டைக் கொளுவிவிட்டுப் படுத்தான். துப்பாக்கியை எடுக்க மறந்துபோனான். விடிய எழும்பினால் ஆணியில் கோட்டு இல்லை. அல்பிரட் இருட்டோடு வரிசைக்குப் போய்விட்டான்.

மகேந்திரராசா எழுந்தார். இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. செப்டெம்பரில் நகரில் குண்டுகள் வெடித்ததிலிருந்து பிரிபெக்சர் வாசலில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அல்பிரட்டுக்கு இன்றைக்குத்தான் வரச்சொல்லி அழைப்பு. தற்காலிக வதிவிடப் பத்திரம், எல்லோரும் றெசெப்பிசே என்று சொல்வது, இன்று கையில் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போகச் சொல்வார்கள். உள்பையில் துப்பாக்கியோடு பிடிபட்டால் அதைச் சொல்லக்கூட மாட்டார்கள். நேரே கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

"நீர் ஏன் ஓடேல்லை?" என்று பேர்ளி கேட்டாள்.

"என்ரை பத்திரம் போன மாசமே முடிஞ்சுது, அக்கா. நான் அந்தப் பக்கம் போனால் என்னையும் மறிப்பினம்."

"நல்ல ஆள். துவக்கு வாங்க நேரமிருந்தது. பத்திரம் மாத்த நேரமில்லை."

"நானும் வரட்டோ?"

"வேண்டாம்," என்றார் மகேந்திரராசா. "உம்மடை முகமே வாக்குமூலம். கடையிலை இரும்."

* * *

மகேந்திரராசாவும் பேர்ளியும் லா சப்பலில் ஏறிப் பார்பெஸில் மாறினார்கள். நான்காம் இலக்க மெத்ரோவில் காலை நெரிசல். இருவரும் ஒரே கம்பியைப் பிடித்து நின்றார்கள்.

"ராசா அண்ணை, கண்டவுடனை என்ன சொல்லப்போறியள்? தம்பி, உன்ரை நெஞ்சிலை துவக்கு எண்டோ?"

"சொல்லக்கூடாது. அல்பிரட் பயந்த பிள்ளை. சொன்னால் கை நடுங்கும். கையைப் பார்த்தே பொலிஸ் பிடிச்சுப்போடும்."

"அப்ப?"

"கோட்டைக் கழற்றுவிக்கவேணும்."

"ராசியான கோட்டை? பிரிபெக்சர் வாசலிலை? தோலைக் கேளுங்கோ, தருவான். கோட்டைத் தரமாட்டான்."

"நீர்தானே தையல்காரி. கிழிஞ்சிருக்கெண்டு சொல்லும்."

"நான் தைச்ச கோட்டைக் கிழிஞ்சிருக்கெண்டு நானே சொல்லுறதோ?" பேர்ளி அவரை முறைத்தாள். "துவக்கு பிடிபட்டாலும் பரவாயில்லை."

சித்தேயில் இறங்கி மேலே வந்தபோது முகத்தில் ஆற்றுக் குளிர் அடித்தது. வரிசை மதிலோடு ஒட்டி நீண்டு மூலையில் வளைந்திருந்தது. பல நாட்டு முகங்கள். எல்லா முகத்திலும் ஒரே நித்திரை. மகேந்திரராசா வாலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். பேர்ளி தலையிலிருந்து பார்த்தாள். அவள்தான் முதலில் கண்டாள்.

சிவப்புப் பொத்தான். வாசலுக்கு மிகக் கிட்ட. அல்பிரட்டுக்கு முன்னால் ஓர் ஆப்பிரிக்கத் தாயும் தோளில் ஒரு குழந்தையும். அவ்வளவுதான்.

"ராசா அண்ணை! பேர்ளி அக்கா!" அல்பிரட்டின் முகம் மலர்ந்தது. "எனக்காகவோ வந்தனியள்?"

"ஓமடா தம்பி. ஒருக்கால் கோட்டைக் கழற்று. ஒரு அலுவல்."

"பகிடி விடாதையுங்கோ."

"ஒரு நிமிசம்."

"மாட்டன் அக்கா. இதுக்குள்ளை நிண்டால்தான் எனக்கு மூச்சே வருது."

வாசலில் இரண்டு பொலிஸ்காரர். ஒருவன் இளைஞன், கை வேகம். மற்றவர் மீசை நரைத்தவர், கண் வேகம். இளையவன் குழந்தையின் கம்பளிப் போர்வையைக்கூட உதறிப் பார்த்தான். தாய் உள்ளே போனாள்.

அல்பிரட் ஓர் அடி வைத்தான்.

பேர்ளி யோசிக்கவில்லை. "என்ரை தம்பி!" என்று பெருங்குரலில் கத்திக்கொண்டு அவனைக் கட்டிப்பிடித்தாள். அவள் வலக்கை கோட்டுக்குள் போனது. உள்பையைப் பிடித்தது. சின்னதாக, பாரமாக, குளிர்ந்த உலோகம். கைக்குள் பொத்தி வெளியே எடுத்தாள்.

நரைத்த மீசை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதாம். கையை விரியுங்கள்."

மகேந்திரராசாவுக்கு ஒரு கணம் எல்லா மொழியும் மறந்துபோனது.

பேர்ளி கண்ணை மூடிக்கொண்டு விரலைத் திறந்தாள்.

துப்பாக்கி இல்லை. உருண்டையான பித்தளைச் சிமிழ். மூடி இறுக்கிய சின்னச் சிமிழ்.

பேர்ளி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு மற்றக் கண்ணையும் திறந்தாள். "இது ஆற்றை?" என்று அல்பிரட்டைக் கேட்டாள். "தெரியாது, நான் பொக்கற்றைப் பாக்கவே இல்லை," என்றான் அவன்.

இளையவன் சிமிழை வாங்கித் திருகித் திறந்தான். முகம் மாறியது. உள்ளே விளிம்புவரை வெள்ளைத் தூள்.

அவன் மற்றவருக்குக் காட்டினான். இடுப்பிலிருந்த வானொலிக் கருவியில் கை வைத்தான். வரிசை ஓர் அடி பின்வாங்கியது. துவக்கைப் பற்றி ஒருவரும் சொல்லாமலே அல்பிரட்டின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

"என்ன இது?" என்றார் நரைத்த மீசை.

மகேந்திரராசாவுக்குக் குரல் திரும்பியது. "சாம்பல், மெசியூ."

"யாருடைய சாம்பல்?"

"ஒருவருடையதும் இல்லை. பசுவின்... விறகு மாதிரி ஒன்று. எரித்தது. நெற்றியில் பூசுவது. நாங்கள் இந்துக்கள்." விரலால் தொட்டுத் தன் நெற்றியில் மூன்று கோடு இழுத்துக் காட்டினார். அவசரத்தில் ஒரு கோடு புருவத்துக்குள் இறங்கியது.

இளையவன் அல்பிரட்டின் அழைப்பு அட்டையைப் பார்த்தான். "இவர் பெயர் அல்பிரட். கழுத்தில் சிலுவை. இவரும் இந்துவா?"

இளையவன் வானொலியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

பேர்ளி முன்னுக்கு வந்தாள். சிமிழுக்குள் பெருவிரலை விட்டாள். அல்பிரட்டின் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். மாதா கோவிலில் சுவாமியார் செய்வதுபோல நிதானமாக, நெற்றியில் ஒரு சிலுவை போட்டாள். பிறகு தன் நெற்றியிலும் ஒன்று. நரைத்த மீசையைப் பார்த்தாள். அவளுடைய பிரெஞ்சு தையல் கடையில் படித்தது. ஆனால் இந்த ஒரு சொல் அவளுக்குக் கோவிலில் தெரியும்.

"சாம்பல் புதன், மெசியூ. உங்களுக்கும் பூசியிருப்பார்களே."

நரைத்த மீசை இளையவனின் கையைக் கீழே இறக்கினார். சிமிழை எடுத்து முகர்ந்தார். கொஞ்சம் எடுத்து விரலுக்கிடையில் தேய்த்தார். நெடுநேரம் தேய்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒரு பழைய கோவிலும் ஒரு தாயும் வந்துபோனதுபோல மகேந்திரராசாவுக்குப் பட்டது.

"இது நவம்பர், மதாம். தவக்காலம் மாசியில் அல்லவா?"

"இந்த வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லா மாதமும் தவம்தான்."

மீசைக்குக் கீழே சிரிப்பு ஒன்று வந்து மறைந்தது. அவர் சிமிழை மூடி அல்பிரட்டின் கையில் வைத்தார். கோட்டை மேலிருந்து கீழே தடவினார். இரண்டு வெளிப் பொக்கற், ஓர் உள்பை. வேறு ஒன்றும் இல்லை.

"உள்ளே போங்கள்."

நெற்றியில் சிலுவையோடு அல்பிரட் உள்ளே போனான்.

* * *

பிரிபெக்சருக்கு அருகிலிருந்த பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மகேந்திரராசா மூச்சு விட்டார்.

"சொல்லுங்கோ அண்ணை," என்றாள் பேர்ளி. "துவக்கு எப்பிடி விபூதியா மாறினது? அற்புதம் எண்டு சொல்லிப் பாப்பாண்டவருக்கு எழுதுவமே?"

"ஞானரட்ணம் உள்ளுக்குக் கைவிட்டுப் பாக்கிறதில்லை. வெளியாலை தொட்டுப் பாரத்தைத்தான் பாக்கிறவன். அது தெரிஞ்ச ஆள் ஒண்டு துவக்கை எடுத்துப்போட்டு அதே பாரத்துக்கு இதை வைச்சிருக்குது. அறையிலை இருக்கிற ஐஞ்சு பேரும் வேதக்காரர், விபூதி வைச்சிருக்கமாட்டினம். வெளியிலை கோட்டை அவன் கழற்றியிருக்கக்கூடியது ஒரேயொரு இடத்திலைதான்."

"நாகேஸ்வரி."

"ஓம். பின்னேரம் பியர்ஃபித்துக்குப் போய்க் கதைக்கவேணும்."

"அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. உங்களுக்குப் பின்னாலை திரும்பிப் பாருங்கோ."

பாலத்தின் நடுவில் நீல மழைக்கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி நின்று பிரிபெக்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் கைப்பை. அதிலிருந்து நீளமான பாண் ரொட்டி ஒன்று தலை நீட்டியிருந்தது. பேர்ளியைக் கண்டதும் ஓடி வந்தாள். பேர்ளியிடம் சாறிச் சட்டை தைப்பவள்.

"பேர்ளி அக்கா, அல்பிரட் அண்ணை உள்ளை போட்டாரோ? ஒண்டும் நடக்கேல்லையே?"

"போட்டான். உம்மடை விபூதியாலை மறியல்வீடு வரைக்கும் போகப் பாத்துத் தப்பிப்போனான்."

நாகேஸ்வரி வாயில் கை வைத்தாள். "விபூதிக்கோ? நல்லது நடக்கட்டும் எண்டுதானே வைச்சனான். கல்லைக் கில்லை வைக்க மனம் வரேல்லை."

"எப்பிடித் தெரிஞ்சது?" என்றார் மகேந்திரராசா.

"கோட்டைக் கொளுவ வாங்கினனான். சிவப்புப் பொத்தானைக் கண்டவுடனை விளங்கிட்டுது. எங்கடை பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம் அண்ணாவும் இதைத்தானே இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனவர். அல்பிரட் அண்ணைக்கு இண்டைக்கு அழைப்பெண்டு கோட்டைத் தரேக்கை அவரே சொன்னவர். உள்ளை பாரமா என்னவோ கிடந்தது. பாத்தன். நெஞ்சு நிண்டுபோச்சு."

"அவனிட்டையே கேட்டிருக்கலாமே," என்றாள் பேர்ளி.

"அக்காவுக்கு முன்னாலையோ? அதுக்குப் பிறகு எனக்குக் கலியாணம் நடக்குமே? வாசலாலை இறங்கேக்கை இப்பிடித் தட்டிப் பாத்தவர். பாரம் இருந்தது. சந்தோசமாப் போனவர்." அவள் நெஞ்சில் தட்டிக் காட்டிய விதத்தில் பேர்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மகேந்திரராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, அது இப்ப எங்கை?"

"வீட்டிலை வைக்கேலாது. அக்காவின்ரை பிள்ளையள் எல்லாத்தையும் கிண்டும்." நாகேஸ்வரி கைப்பையைத் தட்டினாள். "இதுக்குள்ளை."

இருபது அடி தள்ளி இரண்டு பொலிஸ்காரர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பாலத்தில் நிற்பவர்களின் பைகளைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபடி வந்தார்கள். அவசரம் இல்லை. ஒரு கிழவியின் மரக்கறிப் பையைத் திறந்துகொண்டு இப்போது நின்றிருந்தார்கள்.

"நடப்பம்," என்றார் மகேந்திரராசா.

"இப்ப நடந்தால் கூப்பிடுவினம்," என்றாள் பேர்ளி. "பாணை எடும்."

"என்ன?"

"பாணை எடு பிள்ளை. நடுவாலை முறி. உள்ளைச் சதையைத் தோண்டு. பைக்குள்ளை வைச்சே செய். ஆ. இப்ப அதைச் செருகு. இன்னும். மூடு."

வித்தவன் சொன்னது ஒன்றாவது உண்மை. சாமான் மிகவும் சின்னது. அரைப் பாணுக்குள் முழுவதும் போய்விட்டது. பேர்ளி தோண்டிய சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி ஆற்றில் போட்டாள். கடற்பறவைகள் கூடின. சத்தமிட்டன. பொலிஸ்காரர் ஒருமுறை பார்த்தார்கள். குளிருக்குள் பறவைகளுக்குப் பாண் போடும் ஒரு தையல்காரி. பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியாக அந்தப் பாரமான அரைப் பாணையும் போட்டாள்.

வெள்ளைப் பறவை ஒன்று அதைக் குறிவைத்துப் பாய்ந்தது. ஏமாந்து மேலே எழும்பியது.

"ஞானரட்ணத்துக்கு என்ன சொல்ல?" என்று மகேந்திரராசா கேட்டார்.

நாகேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். "துவக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பயமெண்டால் முந்தின றெயினிலை வந்து முந்தின றெயினிலை போகச் சொல்லுங்கோ."

பொலிஸ்காரர் பையைப் பார்த்தார்கள். சீப்பு, கைலேஞ்சி, முறிந்த அரைப் பாண். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பக்கத்திலிருந்து அல்பிரட் ஓடி வந்தான். கோட்டின் எல்லாப் பொத்தானும் திறந்திருந்தன. இரண்டு கையாலும் ஒரு தாளை நெஞ்சோடு பிடித்திருந்தான். நெற்றியில் சிலுவை அழியவில்லை.

"தந்திட்டினம்! மூண்டு மாசத்துக்கு! கவுண்டரிலை இருந்த மனிசி முகத்தைப் பாத்திட்டு ஒண்டும் கேக்காமலே முத்திரை குத்தித் தந்தது!"

பேர்ளி அவன் தலையில் ஒரு குட்டுக் குட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். மகேந்திரராசா தாளை வாங்கி முத்திரையையும் திகதியையும் படித்தார். மறுபடியும் படித்தார்.

அல்பிரட்டும் சுவரில் சாய்ந்து ஆற்றை எட்டிப் பார்த்தான். விடியலிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை.

"அக்கா, வரேக்கை கண்டனான். பாதிப் பாணை ஏன் எறிஞ்சனியள்? அதுவும் கல்லு மாதிரி நேரை அடிக்குப் போட்டுது. என்ன பாண் அது?"

"நேற்றையான் பாண், தம்பி," என்றாள் பேர்ளி. "வா, சுடச்சுட வாங்கித் தாறன்."